கொல்லும் ஏரி, நகரும் கல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேமரூனில் ஓர் ஏரி ஒரே இரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாமே! வெள்ளமும் இல்லை, எரிமலையும் வெடிக்கவில்லை என்கிறார்கள். அப்புறம் எப்படி?

பதில்: நியோஸ் ஏரியைக் கேட்கிறீர்கள். 1986 ஆகஸ்ட் 21, இரவு 9 மணி வாக்கில் ஏரியின் அடியில் கரைந்து கிடந்த கரியமில வாயு மொத்தமாகக் கிளம்பியது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் தரையை ஒட்டியே பள்ளத்தாக்குகளில் இறங்கி, சுமார் 25 கி.மீ. தூரம்வரை போனது. 1,700-க்கும் அதிகமானோர் மூச்சுத்திணறி இறந்தார்கள். பலர் படுத்த பாயிலேயே. வீடுகள் அப்படியே நின்றன.

பழைய எரிமலை வாயில் உருவான இந்த ஏரியின் ஆழம் 200 மீட்டருக்கு மேல். நிலத்தடியிலிருந்து ஊறிவரும் வாயு அடிநீரில் சேர்கிறது. அங்கே அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதைப்போல 20 மடங்கு. அதனால் மூடி திறக்காத சோடா பாட்டிலில் இருப்பதுபோல் குமிழ் விடாமல் கரைந்தே கிடக்கும். குளிர்நாட்டு ஏரிகளில் பருவம் மாறும்போது மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், அடிநீர் மேலே வரும்; வாயு அவ்வப்போது வெளியேறிவிடும். வெப்பமண்டலத்து நியோஸில் நீர் அப்படிப் புரள்வதில்லை. கொஞ்சம் அடிநீரை ஏதோ ஒன்று மேலே தள்ளினாலே போதும்: அழுத்தம் குறைந்து குமிழ் வரும், குமிழ்கள் இன்னும் நீரை இழுத்துக்கொண்டு ஏறும், பிறகு நிறுத்தவே முடியாது. அன்று தள்ளியது மண்சரிவா வேறேதாவதா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை.

செய்த பரிகாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2001-ல் மிதவை ஒன்றிலிருந்து அடிமட்டம்வரை குழாய் இறக்கினார்கள். முதலில் மட்டும் பம்ப் வைத்து அடிநீரை உறிஞ்ச வேண்டும். நீர் ஏற ஏற வாயு பிரியும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் இலேசாகித் தானே பீய்ச்சத் தொடங்கும். அதன்பின் பம்ப்பை நிறுத்திவிடலாம். நீரூற்று சுமார் 50 மீட்டர் உயரம் எழும்பியது. ஒரு குழாய் போதாமல் 2011-ல் இன்னும் இரண்டு இறக்கினார்கள். ஏரியைத் தாங்கும் இயற்கைக் கரை பலமில்லாத எரிமலைப் பாறை என்பது அடுத்த கவலை. அது உடைந்தால் ஆபத்து வெள்ளத்தோடு முடியாது. நீர்மட்டம் இறங்கினால் அடியில் அழுத்தமும் குறைந்து வாயு மறுபடி கிளம்பலாமே! அதனால் கரையையும் பலப்படுத்தினார்கள்.

கேள்வி: துர்க்மேனிஸ்தானின் ‘நரக வாசல்’ தீயை ஏன் அணைக்காமல் விட்டிருக்கிறார்கள்?

பதில்: தீயை மட்டும் அணைத்துப் பயனில்லை. ‘நரக வாசல்’ என்பது காரகூம் பாலைவனத்தில் எரிந்துகொண்டிருக்கும் தர்வாஸா பள்ளம்; சுமார் 70 மீட்டர் அகலம். அதன் சுவர்களிலும் தரையிலும் எண்ணற்ற இடுக்குகளில் மீத்தேன் கசிகிறது. எரியாமல் வெளியேறும் மீத்தேன், எரிந்து வரும் கரியமில வாயுவைவிடப் பூமியை அதிகம் சூடாக்கும். முதலில் பக்கத்தில் கிணறு தோண்டி வாயுவை வேறு வழியில் இழுக்க வேண்டும். 2022-ல் அதிபர் அணைக்க உத்தரவிட்டார். 1971-ல் துளையிடும்போது நிலம் சரிந்தது, விஞ்ஞானிகள் பற்றவைத்தார்கள் என்ற கதைக்கு உறுதியான ஆவணம் கிடையாது.

கேள்வி: வீட்டுக்கு நடுவே நாட்டு எல்லை ஓடும் ஊர் எது?

பதில்: பார்லே. நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்தின் 22 துண்டுகள். அவற்றுக்குள்ளும் நெதர்லாந்தின் துண்டுகள். வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு. கதவின் நடுவிலேயே கோடு போனால் இரண்டு கதவிலக்கங்கள்!

கேள்வி: அமெரிக்காவின் டெத் வேலியில் கற்கள் தானாக நகர்வது எப்படி? நேரில் பார்க்க முடியுமா?

பதில்: நகர்த்துவது கண்ணாடித்தாள் போன்ற பனிக்கட்டி. ரேஸ்ட்ராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகையில் மழைநீர் மெல்லிய குளமாகத் தேங்க வேண்டும். இரவில் அது 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு உறைய வேண்டும். காலை வெயிலில் பனி உடையும்போது மிதமான காற்று அடிக்க வேண்டும். அப்போது பெரிய பனித்தகடுகள் கற்களை இடித்து, ஊறிய சேற்றின் மேல் நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் தள்ளும். சூறாவளி வேண்டும் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2013 டிசம்பரில் ஜிபிஎஸ் பொருத்திய கற்களை வைத்துக் காத்திருந்த ஆய்வாளர்கள் கண்ணாலேயே பார்த்துத் தீர்த்துவைத்தார்கள். மழை, உறைபனி, வெயில், காற்று நான்கும் இதே வரிசையில் கூடுவது அபூர்வம் என்பதால், நீங்கள் போனால் தடங்களைத்தான் பார்க்க முடியும். அதுவே போதுமான காட்சி.

போகும் பாதை சுமார் 43 கி.மீ. கூரிய ஜல்லி, சாதாரண கார் டயர் கிழியும். தரை உயரமான வண்டி, கனமான டயர், முழு அளவு ஸ்டெப்னி, நிறையக் குடிநீர் அவசியம். படுகை ஈரமாக இருந்தால் கால் வைக்காதீர்கள். உங்கள் காலடிச் சுவடு காய்ந்து வருடக்கணக்கில் அழியாமல் கிடக்கும். கல்லைத் தொட்டு நகர்த்தவோ எடுத்துவரவோ கூடாது. கல் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது முனையில் கல் இல்லாத ஒரு கோடுதான்.