ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். ஏழு வயது மகனுக்கு லிம்ஃபோபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் முகம் ஊதிவிட்டது. நடுராத்திரியில் சோறு கேட்டு அழுகிறான். நிறுத்திவிடச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தார். மார்பகப் புற்றுநோய் வந்த என் நாத்தனாருக்கு ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை செய்தார்கள். இவனுக்கு ஏன் செய்யவில்லை?

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அம்மா. இந்த நோயில் அந்த மாத்திரை துணை மருந்தல்ல. புற்றணுக்களை நேரடியாகக் கொல்லும் மருந்து.

உங்கள் நாத்தனாருக்கு வந்த நோயில், ஹார்மோன் ஏற்பி உள்ள வகையானால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கட்டியை வளர்க்கிறது. அதனால் அங்கே ஹார்மோனைத் தடுக்கிறார்கள். உங்கள் மகனின் நோயில் நடப்பது இதற்கு நேர்மாறானது. லிம்ஃபோபிளாஸ்ட் எனப்படும் புற்றணுக்களுக்குள் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. பிரெட்னிசோலோன் அதனுடன் இணைந்ததும் அது அணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஒரு காலத்தில் இந்த ஏற்பிகளை எண்ணியும் பார்த்தார்கள். ஆனால் ஏற்பி இருந்தும் அதற்குப் பிந்தைய படிகளில் பழுது இருந்தால் அணு சாகாது என்பதால், எண்ணிக்கையைவிட மருந்துக்கு நோய் பணிகிறதா என்று நேரில் பார்ப்பதே மேல். பல சிகிச்சை முறைகளில், ஸ்டீராய்டு தொடங்கிய எட்டாம் நாள் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000-க்கும் குறைவான பிளாஸ்ட் அணுக்கள் (அதே புற்றணுக்கள்) இருந்தால் நல்ல பலன் என்று கொள்கிறார்கள். உங்கள் கோப்பில் அந்த அறிக்கை இருக்கிறதா என்று வார்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டென்று நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன; திடீரென மாத்திரை நின்றால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து குழந்தை மயங்கிவிழக்கூடும்.

முகவீக்கமும் அகோரப் பசியும், மருந்து குறைந்து முடிந்த சில வாரங்களில் மெல்லத் தணியும். இரவுக்கு இட்லியும் நன்றாக வெந்த முட்டையும் எடுத்து வையுங்கள். இனிப்புப் பானம், கருவாடு, ஊறுகாய் வேண்டாம். உணவு சாப்பிட்ட பிறகே மாத்திரையைக் கொடுங்கள். அளவுக்கு மீறிய தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் கழித்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கவும் செய்யும் என்பதால், காய்ச்சலே இல்லாமல் பிள்ளை துவண்டு கிடந்தாலும் அப்படித்தான். தெருவில் யாருக்காவது அம்மை போட்டிருந்து, உங்கள் மகன் அவரருகில் இருந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்றிராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கிய மாத்திரையை வாந்தியெடுத்துவிட்டால், மறுபடி கொடுப்பதற்கு முன் வார்டுக்குத் தொலைபேசியில் கேளுங்கள்.