கேளுங்கள் சொல்கிறேன்: ஜெர்மனியில் ஒரு பட்டாளத்துச் சிநேகம்

கேள்வி: ஓஹியோவில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து காட்டுவார். 1957 முதல் 1959 வரை அமெரிக்க ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்தாராம். கூட நிற்கும் நாலு பேரில் இரண்டு பேரின் முழுப் பெயர் தெரியவில்லை என்று கலங்குகிறார். சண்டையே நடக்காத இடத்தில் இரண்டு வருஷம் இருந்ததற்கு இவ்வளவு பாசமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: சண்டை நடக்கவில்லை என்பது நமக்கு இன்று தெரியும், அம்மா. அன்று அந்த இருபது வயதுப் பையன்களுக்குத் தெரியாது. சோவியத் பிடியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் எல்லையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் வர, ஃபுல்டா ஊரையொட்டி டாங்கிகள் ஓட வாகான தாழ்நிலம் இருக்கிறது. சோவியத் படை வந்தால் அந்த வழியாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டு, சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம் அமெரிக்கப் படையை நிறுத்தியிருந்தார்கள். திடீரென்று நடுராத்திரியில் அபாய அறிவிப்பு வரும். பயிற்சியா நிஜமா என்று முதலில் யாருக்கும் தெரியாது. டாங்கியைக் கிளப்பிக்கொண்டு காட்டுக்குள் போய் நிற்க வேண்டும். அந்த இருட்டில் பக்கத்தில் நின்றவனை எப்படி மறப்பது?

சண்டை இல்லாமலே சாவும் வந்தது. 1960 செப்டம்பர் 2 அன்று கிராஃபென்வோர் பயிற்சிக் களத்தில், வெடிமருந்து அளவு தவறிய ஒரு பீரங்கிக் குண்டு இலக்கைத் தாண்டிப்போய்ச் சொந்தப் படையின் கூடாரங்கள் மேலேயே விழுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள்.

பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவலுக்கும் முதல் பணியிடம் அங்கேதான், கெல்ன்ஹவுசனில். அப்போது வயது 21. அணுகுண்டு வீசும் பீரங்கி ஒன்றுக்குக் காவலாகப் போகிற வழியில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தால் கைத்துப்பாக்கியைக் காணோம். ராணுவத்தில் அது பெருங்குற்றம். கேப்டன் மில்லரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது மில்லர், ‘கிராமத்துக் குழந்தைகள் கையில் கிடைத்தது, ஒரு தடவை சுட்டும்விட்டார்கள்’ என்றாராம். பவல் சோதித்துப் பார்த்தால் ஒரு தோட்டாகூடக் குறையவில்லை! துப்பாக்கி கூடாரத்திலேயே கிடந்திருக்கிறது. பையன் ஜென்மத்துக்கும் மறக்கக் கூடாது என்று மில்லர் கட்டிய கதை அது. மேலிடத்துக்கு அவர் எதுவும் எழுதவில்லை. பதவியில் எத்தனையோ உயரம் போன பிறகும் அந்தக் கேப்டனைப் பற்றிப் பவல் எழுதிக்கொண்டே இருந்தார். உங்கள் பெரியவர் போட்டோவைக் காட்டுவதும் அதே நன்றிதான்.

முழுப் பெயர் தெரியாததற்கு வயதை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். சட்டையில் தைத்திருப்பது குடும்பப் பெயர். கூப்பிடுவதும் அதையோ பட்டப்பெயரையோதான். கட்டாய சேவையில் வந்தவர்களுக்கு இரண்டு வருஷம். எல்லோரும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகவில்லை; அவரவர் கெடு முடிந்ததும் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்த்த காலத்தில், ஃப்ரீட்பெர்க்கில் மூடிக்கிடந்த ரே ராணுவக் குடியிருப்பின் வாசலில் இப்படிப்பட்ட முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனைவிக்கு ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டி, அங்கே யார் படுத்திருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை உண்டு.

கேள்வி: அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியும் அங்கே இருந்தாராமே, விளம்பரத்துக்கா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை. 1958 அக்டோபரிலிருந்து 1960 மார்ச் வரை அதே ஃப்ரீட்பெர்க்கில் சாதாரண சிப்பாயாக ஜீப் ஓட்டினார். பாட்டுப் பாடிக்கொண்டே சேவையை முடிக்க வழி இருந்தும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தந்தையும் பாட்டியும் உடன் இருந்ததால் பக்கத்து ஊரான பாட் நௌஹைமில் வீடு எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

கேள்வி: பெரியவரின் நண்பர்களைத் தேட என் பேரன் உதவ முடியுமா?
– அதே கோவை வாசகி

பதில்: கட்டாயம் முடியும். ஆனால் ஒரு தடை இருக்கிறது. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர் அருகே ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பற்றி, 1.6 கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் நாசமாயின. 1960க்கு முன் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டன. நகலும் எடுத்து வைத்திருக்கவில்லை. பெரியவரின் கோப்பே சாம்பலாகியிருக்கலாம். ‘இவன் என்னோடு இருந்தான்’ என்று ஒரு பழைய தோழர் எழுதித் தரும் கடிதம் ஓய்வூதிய, மருத்துவ உதவிக் கோரிக்கைகளில் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது இதனால்தான்.

ஆனாலும் படைப்பிரிவுகளின் காலை அறிக்கைகள் தப்பின. யார் வந்தார், யார் போனார், யார் மருத்துவமனையில் சேர்ந்தார் என்று தினமும் பெயரோடு பதிந்தவை. அவற்றைத் தேட, ஆள் பெயரைவிடப் படைப்பிரிவின் பெயர் முக்கியம். அதற்குள் ‘கம்பெனி’ என்கிற சிறு பிரிவு வரைக்கும் தெரிய வேண்டும். பேரனை அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி இடது தோளைப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கோணச் சின்னத்தில் 3 என்று இருந்தால் மூன்றாம் கவசப் படை; நீலக் கேடயத்தில் 8 என்றால் எட்டாம் காலாட்படை. பிறகு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டப்பெயர், சொந்த ஊர், வந்த மாதம் என்று எது ஞாபகம் இருந்தாலும் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டாம், அம்மா. இந்த ஞாயிற்றுக்கிழமையே போனில் கேட்கச் சொல்லுங்கள்.