பிள்ளைகள் எடை கூடாமல் பார்த்துக்கொள்ள பள்ளிக்கு யார் உதவுவார்கள்?

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறீர்கள். மாணவர்களின் உடல் பருமனைத் தடுக்க ஆசிரியர்களுக்கு யாரிடம் பயிற்சி கேட்பது என்பது உங்கள் கேள்வி.

அரசுப் பள்ளிகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பரிசோதனைக்கு வரும். உங்களுடையது தனியார் பள்ளி என்பதால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனை உணவியல் நிபுணரிடமோ அரை நாள் பயிற்சி கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் முதலில் கற்க வேண்டியது அளவெடுப்பதைத்தான். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்ற பெரியவர்களுக்கான கணக்கு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் தனி அட்டவணை உண்டு. எடையை வகுப்பில் சத்தமாக வாசிக்கவே கூடாது. கேலிக்குப் பயந்து சாப்பாட்டை ஒளித்துத் தின்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்புறம் கேன்டீன். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. வாசல் கடை கேட்கவில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் பிள்ளைகள் பாட்டில் மாம்பழ பானம் குடிப்பதுதான் எனக்குப் புரியவே இல்லை! பழத்தில் நார்ச்சத்தாவது இருக்கிறது. கேழ்வரகும் நல்லதுதான், ஆனால் எவ்வளவு தின்றாலும் எடை கூடாது என்பது கட்டுக்கதை.

விளையாட்டுக்கு நிபுணரே வேண்டாம். 5 முதல் 17 வயதினருக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்தாலே அதில் ஒரு பங்கு கிடைத்துவிடும்.