சூடானதும் அடம்பிடிக்கும் ஆர்எக்ஸ்-8: பேட்டரிதானா?

கம்ப்ரஷன் ரிப்போர்ட் (எஞ்சின் அறைகளின் அழுத்தத்தை அளந்த அறிக்கை) கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் வாங்கப் பார்த்த 2004 மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் காலையில் உடனே கிளம்புகிறது, சூடான பிறகு நெடுநேரம் சுற்றினாலும் பிடிப்பதில்லை என்கிறீர்கள். விற்பவர் பேட்டரியைக் கைகாட்டுகிறார். பேட்டரி என்றால் குளிரில்தான் முதலில் படுத்திருக்கும்.

இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின்; பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுற்றும். பெரும்பாலும் ரோட்டர் முனைகளில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீல்கள் தேய்ந்து, அழுத்தம் குறைந்திருக்கும்.

1. 20 நிமிடம் ஓட்டி, அணைத்து, 10 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். இழுத்தடித்தால் சந்தேகம் வலுக்கிறது.

2. அப்புறம் ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றிலும் மூன்று அறை, ஆக ஆறு எண்கள் வர வேண்டும். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் அதிகமானதை மட்டுமே காட்டும்; அந்த ரிப்போர்ட் வேண்டாம். 250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 250 சுற்று) 680 கிலோபாஸ்கல்தான் கீழ் வரம்பு. ஒரே அறை அதற்குக் கீழே போனாலும் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயம்: தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் நொந்திருந்தாலும், ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றினாலும் இதே அறிகுறி வரும். அதனால் எந்த ஆர்பிஎம்மில் அளந்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஆயில் குடிக்கிறது என்று பயப்பட வேண்டாம். சீல்களுக்கு வழுக்கல் கிடைக்க ஆயிலை உள்ளே செலுத்தும்படிதான் இந்த எஞ்சினைச் செய்திருக்கிறார்கள். ஆயிலே குறையவில்லை என்று பெருமையாகச் சொல்லும் விற்பனையாளரிடம்தான் நான் கூடுதலாகக் கேள்வி கேட்பேன்.