காய்ச்சல் கொடுப்பது வைரஸா, நம் உடம்பா? – சில கேள்விகள், பதில்கள்

நோய் எதிர்ப்பியல் பாடம் நடத்துகிறவள் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை. நான் வைத்தியம் பார்ப்பவள் அல்ல, மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். மூச்சுப்பாதையில் வைரஸ் தொற்றியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மேடம், காய்ச்சல் அதிகமாக அடித்தால் உடம்பில் வைரஸும் அதிகம் என்று அர்த்தமா?

இல்லை. காய்ச்சலைக் கிளப்புவது வைரஸ் அல்ல, உங்கள் உடம்புதான். வைரஸ் புகுந்த செல் அதை உணர்ந்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. பக்கத்துச் செல்கள் அந்தச் சேதியை வாங்கிக்கொண்டு, வைரஸ் பெருக முடியாதபடி தங்களை மாற்றிக்கொள்கின்றன. 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்ததே இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) வைரஸை வைத்துத்தான். கூடவே ஐஎல்-1, ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்களும் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்கள்) ரத்தத்தில் கலக்கின்றன. இவற்றின் தூண்டுதலால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருள் உருவாகி, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் வைத்திருக்கும் வெப்ப அளவை ஏற்றிவிடுகிறது. உடம்பு 37 டிகிரியில் இருக்க, மூளை 39 வேண்டும் என்கிறது. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது கைகால் சில்லிட்டு நடுங்குகிறது. அளவு கீழே இறங்கியதும் வியர்த்துக் கொட்டுகிறது.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று உள்ள நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டுவந்தார்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் பலருக்குக் காய்ச்சல், குளிர், தசைவலி, படுத்தால் எழ முடியாத அசதி. உடம்பில் ஃப்ளூ வைரஸ் ஒன்றுகூட இல்லை, ஆனால் ஃப்ளூவின் தொல்லை அத்தனையும் இருந்தது.

அப்போ வைரஸ் சும்மா வேடிக்கை பார்க்குதா?

எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தது. சாதாரணச் சளிக்கு முதல் காரணமான ரைனோவைரஸ் மூக்கின் உட்தோலை அவ்வளவாகச் சேதப்படுத்துவதில்லை. மூக்கு ஒழுகுவதிலும் தொண்டை கரகரப்பதிலும் நம் உடம்பே உண்டாக்கும் பிராடிகைனின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு. நலமாக இருப்பவர் மூக்கில் வெறும் பிராடிகைனினைத் தெளித்தாலே மூக்கடைப்பும் தொண்டை வலியும் வருகின்றன.

இன்ஃப்ளூயன்சா அப்படியல்ல. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளிவிடும் நுண்மயிர் செல்களையே உரித்துப் போட்டுவிடும். அவை மறுபடி முளைத்து வேலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வைரஸ் போய் வெகு நாளான பிறகும் இருமல் விடாததற்கு இது ஒரு காரணம். உறுத்தலுக்கு ஆளான நரம்பு முனைகள், குளிர்ந்த காற்று பட்டாலே இருமலைத் தூண்டுவது இன்னொன்று. மூன்று முதல் எட்டு வாரம் வரை இழுக்கலாம். அந்த இருமலை வைத்து "இன்னும் கிருமி இருக்கிறது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொற்று. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. என் எதிர்ப்பு சக்தி நல்லதா, மோசமா?

இரண்டுமாக இருக்கலாம். அறிகுறியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

முன்பே அந்த வைரஸைச் சந்தித்திருந்தால், மூக்கில் இருக்கும் ஐஜிஏ வகை ஆன்டிபாடியும் (வைரஸைப் பிடித்து முடக்கும் புரதம்), பழைய வைரஸை அடையாளம் வைத்திருக்கும் நினைவு டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களும், பெரிய ஆரவாரம் தேவைப்படுமுன்பே வேலையை முடித்துவிடும். 229இ என்ற சளிக் கொரோனா வைரஸைத் தன்னார்வலர்களின் மூக்கில் விட்டுப் பார்த்த சோதனை 1990இல் வெளியானது. ஓராண்டு கழித்து அதே வைரஸை மறுபடி விட்டபோது, முன்பு தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மீண்டும் தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை, வைரஸ் வெளிப்பட்ட நாட்களும் குறைந்தன. நல்ல எதிர்ப்பு சக்தியின் அழகே இந்தச் சத்தமின்மைதான்.

மறுபக்கம், உறுப்பு மாற்று சிகிச்சைக்காக எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள். காய்ச்சலே வராமல் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில்கூட, வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். அதுவும் சத்தமின்மைதான், ஆனால் காரணம் வேறு.

தடுப்பூசி போட்டு எனக்குக் காய்ச்சலே வரலை. ஊசி வேலை செய்யலையோ?

செய்திருக்கும். ஃபைசர் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் இரண்டாம் டோஸுக்குப் பின் காய்ச்சல் கண்டவர்கள், 55 வயது வரையுள்ளவர்களில் சுமார் 16 சதவீதம், அதற்கு மேற்பட்டவர்களில் 11 சதவீதம். நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்போ 95 சதவீதம். காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும்தான் பலன் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது.

இயற்கைத் தொற்றில் கொஞ்சம் தொடர்பு உண்டு. கோவிட் கடுமையாக வந்தவர்களிடம் சராசரியாக ஆன்டிபாடி அதிகம் காணப்பட்டது. அதைப் பரிசு என்று நினைக்காதீர்கள். வைரஸ் நெடுநாள் தங்கி, ஏராளமாகப் பெருகியதன் விளைவு அது.

சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் வேண்டும்தானே?

நிறத்தை மட்டும் பார்த்து வேண்டாம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் நொதியே பச்சை நிறம்தான். வைரஸ் சளியிலும் அவை குவியும்.

பாராசிட்டமால் போட்டால் எதிர்ப்பு சக்தி கெடுமா அக்கா?

முழுக்க ஆதாரமில்லாத பயம் அல்ல. 1990இல் ரைனோவைரஸ் தொற்ற வைத்த தன்னார்வலர்களிடம், ஆஸ்பிரினும் பாராசிட்டமாலும் எடுத்தவர்களுக்கு ஆன்டிபாடி சற்றுக் குறைந்தது, மூக்கடைப்பு கூடியது. வைரஸ் வெளியேறும் காலத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. 2009இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசியோடு முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் ஆன்டிபாடி ஓரளவு குறைந்தது. என் கருத்து: வலி தாங்காமல் தூக்கம் கெட்டால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், சொன்ன அளவுக்குள் தாராளமாகப் போடுங்கள். காய்ச்சல் வருமுன்பே வரக்கூடாது என்று போடுவதில்தான் அர்த்தமில்லை.

ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்கிறார்கள். பிறகு கோவிட் நோயாளிக்கு ஏன் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 2020இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி என்ற மருந்துச் சோதனை, டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டை தினம் 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்துப் பார்த்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை, கெடுதல் இருக்கலாம் என்ற சாயல்கூடத் தெரிந்தது.

ஒரே வைரஸ், ஒரே மருந்து, எதிரெதிர் முடிவு. வித்தியாசம் நோயின் கட்டத்தில் இருக்கிறது. கோவிடில் வைரஸ் உச்சத்தைத் தொடுவது அறிகுறி தொடங்கும் சமயத்தை ஒட்டி. அப்போது எதிர்ப்பை அடக்கினால் வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இரண்டாவது வாரத்தில் மூச்சு வாங்குகிறவருக்கோ வைரஸ் பெரும்பாலும் இறங்குமுகம். நுரையீரலில் நீர் கோக்க வைப்பது அணையாத அழற்சி, அதாவது எதிர்ப்பு சக்தி கிளப்பும் வீக்கம். அங்கேதான் ஸ்டீராய்டு உதவுகிறது. முதல் நாள் காய்ச்சலுக்கே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கினவர்கள் செய்த ஆபத்து இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்தவர்களில் சுமார் 10 சதவீதத்தினரிடம், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன என்று அதே ஆண்டு தெரியவந்தது. முதல் கட்டத் தற்காப்பு எழும்பாமல் போனதால்தான் அவர்களுக்குப் பிந்தைய கட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. "அதீத எதிர்ப்பு சக்தி ஆளைக் கொன்றது" என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

காய்ச்சல் நின்றுவிட்டால் பிறருக்குத் தொற்றாதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. காய்ச்சல் இன்டர்ஃபெரான், சைட்டோகைன்களின் கணக்கு, தொற்றுவது வைரஸின் கணக்கு. இரண்டும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதில்லை. கோவிடும் ஃப்ளூவும் அறிகுறி தெரிவதற்கு முன்தினமே பரவக்கூடியவை. 2003இல் பரவிய சார்ஸ் என்ற கொரோனா வைரஸ் நோயில் வைரஸ் அறிகுறி கண்டு பத்து நாள் ஒட்டித்தான் உச்சத்துக்குப் போனது. நோயாளிகளைத் தனிமைப்படுத்தியே அதை ஒழிக்க முடிந்ததற்கு இது முக்கியக் காரணம். வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை மட்டும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டுவது வேறு கதை. செத்த வைரஸின் ஆர்என்ஏ (மரபுப்பொருள்) துணுக்கையும் அது பிடித்துவிடும்.

எந்த இம்யூனிட்டி பூஸ்டர் நல்லது?

காய்ச்சலும் உடம்புவலியும் எதிர்ப்பு சக்தி "பூஸ்ட்" ஆன நிலைதான், அது வேண்டுமா? வேண்டியது அளவும் திசையும். 1960களில், குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸை ஃபார்மலின் வேதிக்கரைசலால் செயலிழக்கச் செய்து, தடுப்பூசியாகக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஆன்டிபாடி வந்தது, ஆனால் வைரஸை முடக்கத் தெரியாத வகை. பின்னர் உண்மையான ஆர்எஸ்வி தொற்றியபோது, ஊசி போடாத குழந்தைகளைவிட இவர்கள் மோசமாக நோயுற்றார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன.

அப்பாவுக்கு 80 வயது. இருமல் மட்டும்தான், காய்ச்சல் இல்லை. பயப்பட வேண்டாமே?

காய்ச்சல் இல்லாததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். வயதாக ஆக, வெப்பத்தை ஏற்றும் அந்தத் தொடர்வினையே மந்தமாகிவிடும். முதியவர்களுக்கு நிமோனியாகூட 37.5 டிகிரியைத் தாண்டாமல் வரலாம். சாப்பாட்டை ஒதுக்குகிறாரா, பேச்சு குழறுகிறதா, திடீரென்று தடுமாறி விழுகிறாரா, மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று பாருங்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் விரலில் மாட்டுங்கள். நுரையீரல் நோய் இல்லாதவருக்கு 94க்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.