கோலாலம்பூரில் தூக்கிய முதல் கிண்ணம்: ஆஷ்லி பார்ட்டி பற்றிக் கேள்வி பதில்

சனிக்கிழமை டென்னிஸ் பயிற்சிக்குப் பிறகு, ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை.

செந்தூல் மாணவர்: மாஸ்டர், பார்ட்டியின் முதல் பட்டம் நம்ம கேஎல்லில்தான் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் தம்பி. 2017 மார்ச், மலேசிய ஓப்பன். தகுதிச் சுற்றில் ஜெயித்துத்தான் உள்ளே வந்தார். இறுதியில் ஜப்பானின் நாவோ ஹிபினோவை 6-3, 6-2 என்று வென்றார். சக ஆஸ்திரேலியர் கேசி டெல்லாக்குவாவோடு சேர்ந்து இரட்டையர் கிண்ணமும் அவருக்கே. அதுவரை முதல் 100 பேருக்குள் வராதவர், அந்த வருஷத்தை 17-ஆம் இடத்தில் முடித்தார். நம் மார்ச் வெயிலில் அரை மணி நேரம் ஆடினாலே சட்டையைப் பிழியலாம். தகுதிச் சுற்றிலிருந்து கடைசிவரை தாங்கியது சின்ன விஷயமில்லை. அந்தப் போட்டி அந்த வருஷத்தோடு இங்கே நின்றுபோனது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட முடியவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

கிள்ளான் அம்மா: என் மகளுக்கு 13 வயது மாஸ்டர். ஒரு மாதமாக ராக்கெட்டையே தொட மாட்டேன் என்கிறாள். பார்ட்டியும் நடுவில் விட்டவராமே?

ஆமாம்மா. 15 வயதில், 2011-இல், விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 2013-இல் டெல்லாக்குவாவோடு கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றில் இரட்டையர் இறுதி. வெளியிலிருந்து பார்த்தால் குறையே இல்லை. ஆனால் குவீன்ஸ்லாந்துப் பிள்ளை, வருஷத்தில் பாதிக்குமேல் வீட்டைவிட்டு எங்கோ ஒரு ஹோட்டல் அறையில். 2014 யூஎஸ் ஓப்பன் முடிந்ததும் நிறுத்திவிட்டார். அப்போது வயது 18.

பிறகு கிரிக்கெட். இதற்குமுன் முறையாக ஆடியதே இல்லை. ஆனாலும் பிரிஸ்பேன் ஹீட் அணியில் 2015-16 பருவத்தில் இடம் பிடித்தார். டென்னிஸில் தோற்றால் தோல்வி முழுக்க ஒருத்தி தலையில்தான். அணியில் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொள்வார்கள். 2016-இல் ராக்கெட்டை மறுபடி எடுத்தார், தானாகவே.

உங்கள் மகளைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். சலித்தது ஆட்டமா, பள்ளியும் டியூஷனும் முடித்து ஓடிவரும் அலைச்சலா, இல்லை காரில் திரும்பும்போது அவள் ஆட்டத்தைப் பற்றி நாம் போடும் கணக்கா என்று மெதுவாகக் கேளுங்கள். பல வீடுகளில் மூன்றாவதுதான் காரணம், பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

15 வயது மாணவி: அவங்க ஸ்லைஸ் ஏன் அவ்வளவு கஷ்டம்?

எனக்குப் பிடித்த கேள்வி. ராக்கெட்டை மேலிருந்து கீழே கொண்டுவந்து பந்தின் அடிப்பக்கத்தை உரசினால், பந்து பின்னோக்கிச் சுழலும். தரையில் பட்டதும் எழும்பாது, வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய பெண்கள் ஆட்டத்தில் பெரும்பாலோர் இரண்டு கையால், இடுப்பு உயரத்தில் வரும் பந்தை விளாசிப் பழகியவர்கள். இந்தப் பந்துக்கோ முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும், வேகத்தையும் தானே போட வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கிக் கொடுப்பார்கள்; பார்ட்டி ஃபோர்ஹேண்டோடு காத்திருப்பார். உயரம் 166 சென்டிமீட்டர்தான். உயரத்தால் செய்ய முடியாததை இந்த ஒரு அடியால் செய்தார். நீயும் ஒரு கையால் தினம் அடித்துப் பழகு, தோளைத் திருப்ப மறக்காதே.

பட்டர்வொர்த் ஐயா: நம்ம பினாங்கு ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் 9 வருஷம் உலகின் முதல் இடத்தில் இருந்தார், 35 வயதில்தான் ஓய்வு. பார்ட்டி 25-இலேயே போனது சரியா?

நிக்கோல்மேல் எனக்கும் அளவில்லாத மரியாதை ஐயா. ஆனால் பார்ட்டி பாதியில் போனதாக நான் நினைக்கவில்லை. 2019-இல் பிரெஞ்சு ஓப்பனைக் களிமண்ணில் வென்றார், 2021-இல் விம்பிள்டனைப் புல்லில், 2022-இல் ஆஸ்திரேலிய ஓப்பனைக் கடினத் தரையில். அந்தக் கடைசி ஆட்டத்தில் டேனியல் காலின்ஸிடம் இரண்டாம் செட்டில் 1-5 என்று பின்தங்கி, 6-6 என்று சமமானதும் ஆடும் டைபிரேக்கில் முடித்தார். சொந்த நாட்டுப் பெண் அங்கே ஒற்றையர் பட்டம் வென்றது 44 வருஷத்துக்குப் பிறகு. இரண்டு மாதத்தில், முதல் இடத்தில் இருக்கும்போதே, உடம்பில் இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று ஓய்வை அறிவித்தார். மொத்தம் 121 வாரம் உச்சியில் இருந்தவர். வயதை வைத்து மட்டும் அளந்தால் இதெல்லாம் கணக்கில் வராமல் போய்விடும்.

அதே மாணவி: திரும்பி வருவாங்களா?

போட்டிச் சுற்றுக்கு வரவில்லைமா. 2024 விம்பிள்டனில் முன்னாள் வீராங்கனைகளுக்கான அழைப்பு இரட்டையரில் மட்டும் ஆடினார். ஜோடி யார் தெரியுமா? இங்கே கேஎல்லில் கூடவே கிண்ணம் தூக்கிய அதே டெல்லாக்குவா.