மேல் வசனத்தையும் வாசிங்க: கோத்தகிரியிலிருந்து சில பதில்கள்

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோத்தகிரிப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேதபாடம் எடுக்கிறேன். தினமும் ஒரு வசனம் வாசித்துத் தியானிக்கிறவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஒரு வாக்கியம் யார் யாருக்குச் சொன்னது என்று பார்க்கிற பழக்கம் மட்டும் வாத்தியார் வேலையில் ஒட்டிக்கொண்டது.

டீச்சர், ஜனவரி 1 ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, அதாவது வருஷத்துக்கான வசனம் எழுதின அட்டை, எரேமியா 29:11. ஃபிரேம் போட்டு மாட்டினேன். அதற்கப்புறம் பச்சைத் தேயிலை விலை இறங்கியது, மாமியாருக்கு ஆபரேஷன், மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் பாக்கி. வாக்குத்தத்தம் பொய்யா, என் விசுவாசம் போதவில்லையா? (சிறு விவசாயி, கோத்தகிரி)

இரண்டும் இல்லை. அட்டையில் இடம் போதவில்லை, அதுதான் கோளாறு.

உங்கள் சுவரில் இருப்பது, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று முடிகிற வசனம். அதற்கு ஒரு வசனம் மேலே போங்கள். எழுபது வருஷம் என்று இருக்கும். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. ஏன் எழுதினார் என்பது முந்தின அதிகாரத்தில் தெரியும். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், போனவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் வைத்துச் சொன்னான். அந்தக் காலத்தில் வாக்குத்தத்த அட்டை அச்சடித்திருந்தால் அனனியாவின் அட்டைதான் தீர்ந்துபோயிருக்கும். எரேமியா அதை மறுத்துவிட்டுத்தான் இந்த வசனத்தை எழுதுகிறார். பெரியவர்கள் பலர் திரும்பிவரப் போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறார்.

அதுவரை என்ன செய்வதாம்? ஐந்தாம் வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." ஏழாம் வசனத்தில், சிறைபிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறார்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் புரிந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது, இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அது. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் பாட்டி, கண்டியிலிருந்து கொண்டுவந்த இரும்புப் பெட்டியை வருஷக்கணக்காகப் பிரிக்காமலே வைத்திருந்தாராம். எப்படியும் திரும்பிப் போய்விடுவோம் என்று. ஒருநாள் அதைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்தார், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் ஒரு பேரி மரம் நட்டார். பேரி உடனே காய்க்கிற மரமா? எரேமியா 29 அந்தப் பேரி மரம்தான்.

ஆகவே ஃபிரேம் இருக்கட்டும். பக்கத்தில் ஐந்தாம் வசனத்தையும் எழுதி ஒட்டுங்கள். மகள் தொழிற்படிப்பு படிக்கிறாள், வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி என்றால், கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்கு அரசு கட்டணச் சலுகை இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் நாளைக்கே கேளுங்கள்.

காலை ஐந்து மணியிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ரோஜாப்பூ போட்ட வசனம் நாற்பது வருகிறது. வாசிக்காமல் அழித்தால் பாவமா? (குன்னூர்)

இல்லை. ஃபோன் மெமரிக்கும் இரக்கம் காட்டுங்கள்.

நான் இலை எடை போடுகிறவன். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும் என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் நாளிலும் அதே கழிவுதான். மேலே சொல்கிறதை நான் செய்கிறேன். தினமும் வேதம் வாசிக்கிறேன், மனசு நிம்மதியாக இல்லை. ஆறுதலாக ஒரு வசனம் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம் என்றவர்)

ஆறுதல் வசனம் தரமாட்டேன் தம்பி. மனசு நிம்மதியாக இல்லை என்கிறீர்களே, உங்கள் தியானம் வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" (நீதிமொழிகள் 11:1). அன்றைக்கு எடைக்கல்லை வியாபாரி பையில் வைத்துக்கொண்டு போவான். வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல். உபாகமம் 25இல் பையில் இரண்டு விதமான கல் வைக்காதே என்று சட்டமே இருக்கிறது. ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் வருகிறவர்கள் இன்னும் மோசம். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைக் குறைக்கலாம் என்று அந்த நாளிலேயே கணக்குப் போடுகிறார்கள்.

நனைந்த இலைக்கு நியாயமான கழிவு உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. கழிக்கிற அளவு நனைந்த அளவுக்கு ஏற்றதாக இருக்கிறதா, இலை கொண்டுவந்த அம்மாவுக்கு அது தெரியுமா என்பதுதான் கேள்வி. வெயிலில் கழிக்கிற தண்ணீர் எங்கே இருந்தது? வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியாது. ஆனால் மொத்த எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று சீட்டில் தனித்தனியாக எழுதிக் கொடுக்க உங்கள் கையால் முடியும். அதிலிருந்து தொடங்குங்கள். எழுதக் கூடாது என்று யாராவது தடுத்தால், அந்தக் கழிவு என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மறுபக்கமும் சொல்லணும். மூட்டையில் தண்ணீர் தெளித்துக் கட்டுகிற நம் ஆட்களுக்கும் 11:1 இதே வசனம்தான்.

நாங்கள் கத்தோலிக்கர். எதிர்வீட்டு அக்கா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மண்சரிவு வந்த நாட்களில் சேர்ந்து ஜெபித்தோம். அவர் சங்கீதம் 121ஐ "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று வாசித்தார். எங்கள் திருப்பாடலில் "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" என்று கேள்வியாக இருக்கிறது. எது சரி? (குன்னூர்)

நல்ல காது உங்களுக்கு. எபிரேயத்தில் அந்த இடத்தில் நிற்பது "எங்கிருந்து" என்று கேட்கிற சொல். அதனால் இந்த இடத்தில் உங்கள் திருவிவிலியம்தான் மூலத்துக்கு நெருக்கம். அக்கா வாசித்த பழைய மொழிபெயர்ப்பின் ஓசையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் அந்த ஓசையிலேயே மலையிலிருந்துதான் உதவி வருகிறது என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் ஊட்டிக்கு வந்து மலையைப் பார்த்துக் கையை விரித்துப் படம் எடுக்கிறார்கள்!

பாடினவனுக்கு மலை அழகான காட்சி இல்லை. இது ஆரோகண சங்கீதம், பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்களின் பாட்டு என்பார்கள். எருசலேம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர். நம் குன்னூரில் பாதிகூட இல்லை. ஆனால் எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் ஆயிரம் மீட்டர் ஏற்றம், அதுவும் கால்நடையாக. வழியில் கள்ளர் பயம். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவன் விழுந்து கிடந்தது அந்தப் பாதையில்தான். மலையைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு கலங்கியிருக்கும். அந்தக் கலக்கத்தில்தான் "எங்கிருந்து" என்று கேட்கிறான். பதில் இரண்டாம் வசனத்தில் வருகிறது: மலையை உண்டாக்கினவரிடமிருந்து.

2009 நவம்பர் மழையைப் பார்த்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி மழை வலுக்கும்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டைப் பார்த்து யாருக்கு ஒத்தாசை நினைவுக்கு வரும்? "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்கிற மூன்றாம் வசனம் அந்த ராத்திரிக்கு எழுதினது. எதிர்வீட்டு அக்காவோடு சேர்ந்து ஜெபிப்பதை விடாதீர்கள். தாசில்தார் ஆபீஸிலிருந்து காலி பண்ணச் சொன்னால் ஜெபத்தைப் பள்ளிக்கூட முகாமில் போய்த் தொடருங்கள்.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று இருக்கிறது. உறைபனியில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு கருகிவிட்டது. அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லணுமா? (உதகை பக்கம்)

தமிழ் வாத்தியாரிடம் கேட்டுவிட்டீர்கள், வேற்றுமை உருபிலிருந்து தொடங்குகிறேன். 1 தெசலோனிக்கேயர் 5:18இல் இருப்பது "எல்லாவற்றிலேயும்". கருகின வயலில் நின்றுகொண்டும் ஸ்தோத்திரிக்கலாம். கருகினதற்காக ஸ்தோத்திரி என்று அங்கே இல்லை. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறதே என்று மடக்கினான். உண்மைதான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்த வசனம் எனக்கு முள்தான். ஆனால் சங்கீதப் புத்தகத்தில் அதிகமாக இருக்கும் வகை புலம்பல் பாட்டு. "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று அழுததையும் வேதத்துக்குள் வைத்துத் தந்தவர், உங்கள் அழுகையைக் குற்றமாக எடுக்கமாட்டார்.

சமவெளியில் இருக்கிறவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசனம் நமக்கு உண்டு. "சாம்பலைப்போல உறைந்த பனியைத் தூவுகிறார்" (சங்கீதம் 147:16). டிசம்பர் காலையில் புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாம்பல் தெரியும். அடுத்த வசனம், "அவருடைய குளிருக்கு முன்பாக நிற்பவன் யார்?" நானும் நீங்களும் நிற்க முடியாது, ஆகவே சாயங்காலமே தழை போட்டு மூடுங்கள், வெயில் ஏறுமுன் ஸ்பிரிங்ளரைத் திறந்துவிடுங்கள்.

என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "மனைவிகளே கீழ்ப்படியுங்கள்" என்பதை மாமியார் தினமும் குடும்ப ஜெபத்தில் வாசிக்கிறார். (கூடலூர்)

அடுத்த முறை அவர் எபேசியர் 5:22ஐத் தொடங்கும்போது, "அத்தை, 21லிருந்து வாசிக்கலாமா?" என்று கேளுங்கள். "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." கிரேக்க மொழியின் மிகப் பழைய பிரதிகளில் 22ஆம் வசனத்துக்குத் தனியாக வினைச்சொல்லே கிடையாது, 21இல் இருக்கிறதைத்தான் கடன் வாங்குகிறது. அப்படிப் பிரிக்க முடியாத ஒன்றைப் பிரித்தது வசன எண். அந்த எண்களும் இதை எழுதின பவுல் போட்டது இல்லை, புதிய ஏற்பாட்டுக்கு 1551இல் ஒரு பிரெஞ்சு அச்சகக்காரர் போட்டது. 25ஆம் வசனம், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியை நேசி என்று புருஷனுக்குச் சொல்கிறது. சிலுவையில் அடி வாங்கினவரைத்தான் புருஷனுக்கு மாதிரியாக வைத்திருக்கிறார் பவுல்.

ஆனால் இது வேதபாடத்தில் தீர்கிற காரியம் இல்லை மகளே. கை நீட்டினால் 181க்கு ஃபோன் போடுங்கள், பெண்களுக்கான இலவச எண், இரவிலும் எடுப்பார்கள். நம்பிக்கையான ஒரு வீட்டுச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

பிளஸ் டூ எழுதப்போகிறேன். விடைத்தாள் மேலே பிலிப்பியர் 4:13 எழுதலாமா மிஸ்? (கொடைக்கானலில் ஹாஸ்டலில் இருக்கும் மாணவி)

எழுதாதே கண்ணு. விடைத்தாளில் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியது காவலில் இருந்துகொண்டு. ஒரு வசனம் மேலே பார். பட்டினியாக இருக்கவும் தெரியும், திருப்தியாக இருக்கவும் தெரியும் என்கிறார். அந்த 'எல்லாம்' இதுதான், சென்டம் இல்லை. மார்க் குறைந்தாலும் நொறுங்காத பெலன். கெமிஸ்ட்ரிக்குப் படித்தே ஆகணும்.

பக்கத்து வீட்டுப் பையன் விபத்தில் இறந்துவிட்டான். அந்த அம்மாவிடம் என்ன வசனம் சொல்வது? (கேத்தி)

எதுவும் வேண்டாம். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28 கண்டிப்பாக வேண்டாம். வசனம் பொய் என்பதால் சொல்லவில்லை. இந்த வாரம் அதைச் சொல்கிற உரிமை அந்த அம்மாவுக்கு மட்டும்தான் உண்டு. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். காப்பி போட்டுக் கொண்டுபோங்கள், கூட்டம் கலைந்த பத்தாம் நாளும் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு 84 வயது, கண் தெரியவில்லை. நான் புது மொழிபெயர்ப்பில் 23ஆம் சங்கீதம் வாசித்தால், "தப்பா வாசிக்கிற" என்று திட்டுகிறார். அவருக்குப் புரியட்டும் என்றுதானே எளிய தமிழில் வாசிக்கிறேன்? (கோத்தகிரி)

புரிகிற வயதை அம்மா தாண்டிவிட்டார், அவருக்கு அது இப்போது மூச்சு மாதிரி. ஞாயிறு பள்ளியில் உருப்போட்ட "நான் தாழ்ச்சியடையேன்" என்கிற அந்தச் சொற்கள் அவருக்கு உள்ளே இருக்கிறது. வேறு சொல் வந்தால் யாரோ வீட்டுச் சாமானை இடம் மாற்றி வைத்த மாதிரி தடுக்கும். நீங்கள் பழைய மொழிபெயர்ப்பையே எடுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். மீதியை அவர் சொல்லுவார்.